அப்பாவை எடுக்கச் சொன்னார்கள், மகனை எடுத்தார்: கார்டன் பார்க்ஸ், ரியோ, 1961

1961-ல் அமெரிக்காவின் லைஃப் வார இதழ் தன் புகைப்படக்காரர் கார்டன் பார்க்ஸை பிரேசிலின் ரியோ டி ஜெனீரோவுக்கு அனுப்பியது. கையில் ஒரு குறிப்பும் கொடுத்தார்கள். எட்டுப் பத்துப் பிள்ளைகள் உள்ள ஓர் ஏழைத் தகப்பனைத் தேடிப் பிடிக்க வேண்டும். அவர் எப்படிச் சம்பாதிக்கிறார், வறுமை அவரை என்ன பாடு படுத்துகிறது, எந்தக் கட்சிப் பக்கம் சாய்கிறார், கம்யூனிஸ்டா, இல்லை ஆகப்போகிறவரா என்று விசாரித்து வர வேண்டும். பின்னாளில் பார்க்ஸே எழுதிவைத்த விவரம் இது.

அவர் போனார். அப்படி ஒரு தகப்பனையும் கண்டுபிடித்தார். ஆனால் ஊர் திரும்பியபோது அவருடைய ஃபிலிம் சுருள்களில் நிறைந்திருந்தது அந்தத் தகப்பன் இல்லை. 12 வயது மூத்த மகன் ஃபிளாவியோ ட சில்வா.

அசைன்மென்ட்டில் செய்த இந்த ஒரு மாற்றத்தால் 30 ஆயிரம் டாலர் திரண்டது. ஒரு பையன் உயிர் பிழைத்தான். இரண்டு நாட்டுப் பத்திரிகைகள் சண்டை போட்டுக்கொண்டன. புகைப்படக்காரருக்கு மட்டும் கடைசிவரை தீராத ஒரு சந்தேகம் மிஞ்சியது. தெருவையும் கலவரத்தையும் ஏழைக் குழந்தைகளையும் படமெடுக்கிற எவருக்கும் இந்தச் சம்பவம் பாடப் புத்தகம் மாதிரி. அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

முதலில் லைஃபுக்கு அந்த வருடம் ரியோ மீது ஏன் இத்தனை அக்கறை என்று பார்க்க வேண்டும். 1959-ல் கியூபாவில் ஃபிடல் காஸ்ட்ரோ ஆட்சியைப் பிடித்துவிட்டார். 1961 மார்ச்சில் ஜனாதிபதி கென்னடி லத்தீன் அமெரிக்க நாடுகளுக்குப் பொருளாதார உதவி தர ‘முன்னேற்றத்துக்கான கூட்டணி’ என்ற திட்டத்தை அறிவித்தார். அடுத்த மாதமே கியூபாவின் பிக்ஸ் வளைகுடாவில் அமெரிக்கா பின்னாலிருந்து நடத்திய படையெடுப்பு மண்ணைக் கவ்வியது. பட்டினி கிடக்கிறவன் சிவப்புக்கொடி பிடித்துவிடுவானோ என்று வாஷிங்டன் பயந்தது. அந்தப் பயத்தைப் படங்களோடு சொல்ல லைஃப் லத்தீன் அமெரிக்கா பற்றி ஐந்து பாகத் தொடர் ஒன்றைத் திட்டமிட்டது. அதில் இரண்டாவது பாகம் பார்க்ஸுடையது. வாரம் சுமார் 70 லட்சம் பிரதி விற்ற இதழ் அது. அமெரிக்க நடுத்தரக் குடும்பங்களின் வரவேற்பறையில் தொலைக்காட்சிக்குப் போட்டியாக உட்கார்ந்திருந்த காலம்.

பார்க்ஸ் இந்த வேலைக்கு வெளியாள் இல்லை. 1912-ல் கான்சாஸ் மாநிலத்தின் ஃபோர்ட் ஸ்காட்டில் 15 பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தவர். பதின்ம வயதில் அம்மா இறந்துபோக, மின்னசோட்டாவில் அக்கா வீட்டுக்கு அனுப்பினார்கள். அக்கா கணவர் கடும் குளிரில் வெளியே துரத்திவிட்டார். ராத்திரி தூங்க இடமில்லாமல் டிராம் வண்டியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்வந்து பொழுதைக் கழித்ததாக எழுதியிருக்கிறார். அப்புறம் ரயில் சாப்பாட்டுப் பெட்டியில் பரிமாறும் வேலை. பயணிகள் விட்டுப்போன பத்திரிகைகளில், பஞ்சம் பிழைக்க ஊர் ஊராகப் போகும் விவசாயக் கூலிகளின் படங்களைப் பார்த்திருக்கிறார். அதைப் பார்த்த பிறகு சியாட்டிலில் ஓர் அடகுக் கடையில் கேமரா வாங்கினார். பள்ளிப் படிப்பையே முடிக்காதவர், படம் எடுக்கவும் தானாகத்தான் கற்றுக்கொண்டார்.

1942-ல் வாஷிங்டனில் அரசாங்கப் புகைப்படப் பிரிவில் பயிற்சிக்குச் சேர்ந்தபோது எடுத்த படம் இன்றுவரை பேசப்படுகிறது. அதே கட்டடத்தைக் கூட்டிப் பெருக்கிய எலா வாட்சன் என்ற கறுப்பினப் பெண், பின்னால் தொங்கும் பெரிய அமெரிக்கக் கொடி, ஒரு பக்கம் துடைப்பம், மறு பக்கம் தரை துடைக்கும் மாப்பு. அவருடைய ஆண்டுச் சம்பளம் 1,080 டாலர். அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டே அரசாங்கக் கொடியை வைத்து அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்.

துணிச்சலான புகைப்படக்காரர் என்றால் துப்பாக்கிக்கு முன்னால் நிற்கிறவர் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். அதையும் பார்க்ஸ் செய்தவர்தான். 1948-ல் நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியான ஹார்லெமில் 17 வயது கும்பல் தலைவன் ரெட் ஜாக்சனோடு தெருத் தெருவாகச் சுற்றினார். லைஃபில் முழுநேரப் புகைப்படக்காரராகச் சேர்ந்த முதல் கறுப்பினத்தவர் ஆவதற்கு அந்தப் படங்கள்தான் வழி போட்டன. 1956-ல் இனப் பிரிவினை கொழுந்துவிட்ட அலபாமாவுக்குப் போனார். 1963-ல் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸோடும், அவர் இருந்த நேஷன் ஆஃப் இஸ்லாம் என்ற கறுப்பின முஸ்லிம் அமைப்போடும் நெருங்கிப் பழகிப் படமெடுத்தார். அந்தப் பத்தாண்டின் கடைசியில் பிளாக் பாந்தர் என்ற தீவிரக் கறுப்பினக் கட்சியின் ஆட்களைப் படமெடுத்தார். இத்தனையும் பெரிய விஷயம்தான். இருந்தாலும் என்னைக் கேட்டால் ரியோவில் செய்ததுதான் இவற்றைவிடத் துணிச்சல். சம்பளம் கொடுக்கிற இதழ், பனிப்போர் சூட்டில் கேட்ட அரசியல் படத்தைத் தராமல், இருமிக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளையின் படத்தைக் கொண்டுபோய் மேஜையில் வைத்தார்.

கட்டகும்பா என்ற ஃபவேலா, ரியோவின் ரோட்ரிகோ டி ஃப்ரெய்டாஸ் ஏரிக்கு மேலே செங்குத்தான குன்றின் மீது ஒட்டிக்கொண்டிருந்தது. ஃபவேலா என்பது குன்றுச் சரிவுகளில் பலகை, தகரம் என்று கிடைத்ததை வைத்து மக்களே கட்டிக்கொண்ட குடியிருப்பு. கீழே பணக்காரர்கள் குடியிருக்கும் ஏரிக்கரை, எதிரே மலை உச்சியில் இரண்டு கைகளையும் விரித்து நிற்கும் இயேசு சிலை. அந்த ஏரிக்கும் கோபகபானா கடற்கரைக்கும் அதிக தூரம் கிடையாது. உலகத்துச் சுற்றுலாப் பயணிகள் வந்து இறங்கும் ஊரின் நடுவிலேயே இருந்த இடம் அது.

லைஃபின் ரியோ அலுவலகத்தைச் சேர்ந்த ஜோசே காலோ என்பவர் பார்க்ஸுக்குத் துணையாகவும் மொழிபெயர்ப்பாளராகவும் கூட வந்தார். குன்றேறிக்கொண்டிருக்கும்போது பார்க்ஸ் அந்தப் பையனைப் பார்க்கிறார். தலையில் தண்ணீர் டின், மேலே சட்டை இல்லை, காலில் செருப்பு இல்லை, கந்தலான கால்சட்டை. குச்சிக்குத் தோல் போர்த்தியது மாதிரி கால்கள். பாதையில் நின்று இவர்களைப் பார்த்துச் சிரிக்கிறான். சாவு அந்தப் பையன் மேல் அப்பிக்கிடந்தது என்ற பொருளில் பார்க்ஸ் பிறகு எழுதினார். குழிவிழுந்த கண், ஒட்டிய கன்னம், மஞ்சள் பூத்த தோல்.

வீடு ஒரே அறை. ஆறடிக்குப் பத்தடி. ஒழுங்கில்லாத பலகைகளைச் சேர்த்து அடித்த சுவர், இடையிடையே வெளிச்சம் வரும் பெரிய பெரிய இடைவெளிகள். அதற்குள் அப்பா, அம்மா, எட்டுப் பிள்ளைகள். அம்மாவுக்கு அடுத்த பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது. அப்பா குன்றிலேயே ஒரு சின்னத் தட்டியில் மண்ணெண்ணெயும் சலவைத் திரவமும் விற்றார். அம்மா பிறர் வீட்டுத் துணி துவைத்தார். ஆக, பகல் முழுக்க வீடு ஃபிளாவியோ பொறுப்பு. அடுப்பு மூட்டுவது, அரிசியும் பீன்ஸும் வேகவைப்பது, சின்னதுகளைக் கழுவிவிடுவது, அடித்துக்கொள்கிறவர்களை விலக்குவது, தரையைத் துடைப்பது. எல்லாவற்றுக்கும் தலையில் சுமந்து வந்த அந்தத் தண்ணீர்தான். நடுநடுவே இழுப்பு வரும். முகம் நீலம் பாரித்து, நெஞ்சு தூக்கித் தூக்கிப் போடும். அது அடங்கியதும் எழுந்து விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்வான்.

பார்க்ஸ் அவனை டாக்டரிடம் கூட்டிப் போனார். மோசமான ஆஸ்துமா, கூடவே ஊட்டச்சத்துக் குறைவு. இப்படியே போனால் இன்னும் இரண்டு வருடம் தாங்கலாம் என்றார் டாக்டர். சாவுக்குப் பயமில்லை, நான் போன பிறகு தம்பி தங்கைகளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதுதான் கவலை என்ற அர்த்தத்தில் ஃபிளாவியோ சொன்னதைப் பார்க்ஸ் பதிவு செய்திருக்கிறார். 12 வயதுப் பிள்ளை பேசுகிற பேச்சா அது என்று தோன்றும். எட்டுப் பிள்ளைகளின் மூத்தவன் பேசும் பேச்சு அது.

கேமராக்காரராக அவர் முன்னால் இருந்த சிக்கலையும் சொல்ல வேண்டும். தகப்பனை வைத்துக் கதை சொன்னால் அரசியல் கேள்வி வந்துவிடும். சம்பளம், தொழிற்சங்கம், வாக்கு, கட்சி. லைஃபின் ஆசிரியர் குழுவுக்கு வேண்டியதும் அதுதான். பிள்ளையை வைத்துச் சொன்னால் அந்தக் கேள்விகளெல்லாம் பின்வாங்கிவிடும். வாசகர் வாதம் செய்யமாட்டார், உருகுவார். பார்க்ஸ் கம்யூனிசப் பூச்சாண்டியைத் தவிர்க்க நினைத்தார், தவிர்த்தார். அதே மூச்சில் வறுமையின் காரணங்களும் படத்தின் சட்டத்துக்கு வெளியே போய்விட்டன. இது தெரிந்தே செய்ததா, தானாக நேர்ந்ததா என்று ஆராய்ச்சியாளர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். டிராம் வண்டியில் தூங்கிய ஒருவர் ஒரு குடிசைக்குள் நுழைந்ததும் யாரைப் பார்த்திருப்பார் என்பதை ஊகிப்பது கஷ்டமில்லை என்று நான் நினைக்கிறேன்.

1961 ஜூன் 16 இதழில் கட்டுரை வந்தது. ‘சுதந்திரத்தின் பயங்கர எதிரி: வறுமை’ என்று தலைப்பு. தலைப்பு இதழின் அரசியல், படங்கள் பார்க்ஸின் மனசு. இரண்டும் ஒரே பக்கத்தில் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு நிற்பதை இப்போது பார்த்தாலும் உணரலாம். படங்களுக்கு இடையே பார்க்ஸின் நாட்குறிப்பு ஓடியது.

லேஅவுட் பற்றி ஒரு விஷயத்தைச் சொல்லாமல் நகர முடியாது. இழுப்பு வந்து ஓய்ந்த ஃபிளாவியோ கட்டிலில் மல்லாந்து கிடக்கும் படம் ஒரு பக்கம். அதற்கு நேர் எதிர்ப் பக்கம், அதே ஃபவேலாவில் இறந்துபோன ஓர் அக்கம்பக்கத்துப் பெண், பிணமாகக் கிடத்தப்பட்டு, சுற்றி மெழுகுவர்த்தி. தனித்தனியாகப் பார்த்தால் ஒன்று நோயாளிப் பையன், இன்னொன்று இழவு வீடு. பக்கத்தில் பக்கத்தில் வைத்த மாத்திரத்தில், இவன் நாளைக்கு அவள் என்று வாசகர் தானே படித்துக்கொள்வார். ஒரு வரி எழுத வேண்டியதில்லை. அந்தப் பெண் எதனால் இறந்தார், அவருக்கும் ஃபிளாவியோவுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கப் போவதில்லை. பத்திரிகை அலுவலகங்களில் பக்கம் அமைக்கிறவரின் கைக்கு எவ்வளவு பலம் உண்டு என்று காட்ட இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் கடிதங்கள் வந்தன. ஆயிரக்கணக்கில். யாரும் கேட்காமலேயே காசோலையும் சில்லறை நோட்டுமாக உறைக்குள் வைத்து அனுப்பினார்கள். மொத்தம் ஏறக்குறைய 30 ஆயிரம் டாலர். கொலராடோ மாநிலம் டென்வரில் இருந்த குழந்தைகள் ஆஸ்துமா ஆராய்ச்சி மருத்துவமனை, பையனை அனுப்புங்கள், இலவசமாகப் பார்க்கிறோம் என்றது. ஜூலை முதல் வாரமே பார்க்ஸ் மறுபடி ரியோ போய் ஃபிளாவியோவை அழைத்துக்கொண்டு டென்வர் வந்தார். பிற குடும்பத்தாரைக் குன்றிலிருந்து இறக்கி, குவாடலூபே என்ற தொழிலாளர் புறநகரில் ஒரு வீடு வாங்கிக் கொடுத்தார்கள். நிதியில் ஒரு பங்கு கட்டகும்பாவின் மேம்பாட்டுக்கு என்று ஒதுக்கப்பட்டது. ஜூலை 21 இதழின் அட்டையிலேயே ஃபிளாவியோவின் கதை வந்தது. அமெரிக்கர்களின் கருணை அவனுக்குப் புதுவாழ்வு தந்தது என்று இதழ் சொன்னது.

எனக்கு உறுத்துவது இந்த இரண்டாவது இதழ்தான். முதல் இதழ் ஒரு பையனைக் காட்டியது. இரண்டாவது இதழ் வாசகருக்கு அவர் முகத்தையே காட்டி, பாருங்கள், நீங்கள் எவ்வளவு நல்லவர் என்றது. கதையின் நாயகன் ஐந்தே வாரத்தில் மாறிவிட்டான். குடிசையிலிருந்து வீடு, அழுக்குத் துணியிலிருந்து புதுச் சட்டை, இதோ முடிந்தது என்று மூடிவைக்க வசதியான ஒரு தொடர். பணம் அனுப்பியவர்கள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவர்கள் அனுப்பாமல் இருந்திருந்தால் அந்தப் பையன் போய்ச் சேர்ந்திருப்பான். மீட்பையும் ஒரு படக்கதையாக அச்சடித்து விற்ற இதழின் அவசரத்தைத்தான் சொல்கிறேன்.

பிரேசில்காரர்களுக்கு எரிச்சல் வந்ததில் ஆச்சரியமில்லை. அங்கே ஓ குருசேரோ என்ற பெரிய வார இதழ் இருந்தது, கிட்டத்தட்ட அந்த நாட்டு லைஃப். எங்கள் குடிசையைப் படம்பிடித்து உலகத்துக்குக் காட்டுகிறாயா, சரி, உன் கொல்லைப்புறத்தைப் பார்க்கலாம் என்று ஹென்றி பல்லோ என்ற தன் புகைப்படக்காரரை நியூயார்க்குக்கு அனுப்பியது. அவர் மன்ஹாட்டனின் லோயர் ஈஸ்ட் சைடில், வால் ஸ்ட்ரீட்டுக்கு எட்டும் தூரத்தில், ஒரு புவேர்ட்டோ ரிக்கோ குடும்பத்தைக் கண்டுபிடித்தார். 1961 அக்டோபர் 7 இதழில் ‘அமெரிக்காவின் புதிய சாதனை: வறுமை’ என்ற தொனியில் தலைப்பு. லைஃப் பக்கங்களை வரிக்கு வரி கேலி செய்யும் லேஅவுட். தூங்கும் குழந்தையின் மேல் கரப்பான் பூச்சி ஊர்கிற படம் ஒன்றும் அதில் இருந்தது.

லைஃபின் சகோதர இதழான டைம் உடனே பாய்ந்தது. பல்லோ படங்களைச் செட்டப் செய்து எடுத்திருக்கிறார் என்றது. பிரேசில் தரப்பு சும்மா இருக்குமா? அதே சந்தேகத்தைப் பார்க்ஸின் படங்கள் மீது திருப்பி எறிந்தது. யார் சொன்னது சரி என்று இன்று தீர்ப்புச் சொல்வதில் பெரிய பிரயோஜனம் இல்லை. நான் கவனிப்பது வேறு. பல்லோவின் படங்கள் பழிக்குப் பழியாக எடுக்கப்பட்டவைதான், ஆனாலும் அவை சொன்னது பொய் இல்லை. நியூயார்க்கில் அந்தக் குடும்பம் இருந்தது, அந்த அறை இருந்தது. ஏழ்மை என்பது பிரேசிலுக்கு மட்டும் வந்த நோய், அமெரிக்கா அதற்கு டாக்டர் என்ற கணக்கை ஓ குருசேரோ ஒரே இதழில் உடைத்தது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அந்தக் கணக்கைப் பார்க்ஸ் முன்பே உடைத்திருந்தார், ஹார்லெமிலும் அலபாமாவிலும். பிரேசில் ஆசிரியர் குழு அவரை ஓர் அமெரிக்க இதழின் ஆளாக மட்டும் பார்த்தது.

டென்வரில் ஃபிளாவியோ இரண்டு வருடம் இருந்தான். இழுப்பு கட்டுக்குள் வந்தது, உடம்பு தேறியது, பள்ளிக்கூடம் போனான், ஆங்கிலம் பேசினான். வார இறுதிகளில் போர்த்துகீசிய மொழி பேசும் ஒரு குடும்பத்தோடு தங்கினான், அவர்களோடு ஒட்டிக்கொண்டான். இங்கேயே இருந்துவிடுகிறேன் என்று கெஞ்சினான். ஆனால் ஏற்பாடு சிகிச்சைக்குத்தான். 1963-ல் திருப்பி அனுப்பினார்கள்.

யோசித்துப் பாருங்கள். 12 வயதில் ஒரு வீட்டுக்கே தாயாக இருந்தவனை, 14 வயதில் சைக்கிள், பேஸ்பால், தனிக் கட்டில் என்று பழகிய ஊர்ப் பிள்ளையாக்கி, அதே அப்பா அம்மா முன்னால் கொண்டுபோய் நிறுத்தினால் என்ன ஆகும்? வீட்டில் அவன் விட்டுப்போன இடம் மூடிவிட்டது. அவன் மனசோ டென்வரில். விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள், நிலைக்கவில்லை. லைஃப் அடுத்த செய்திக்குப் போய்விட்டது. அது வார இதழின் இயல்பு. 1972 கடைசியில் அந்த வார இதழே நின்றுபோனது.

பார்க்ஸ் 1976-ல் மறுபடி ரியோ போய் அவனைத் தேடிப் பார்த்தார். அப்போது கல்யாணமாகிக் குழந்தைகள் இருந்தன, காவலாளி வேலை. இரண்டு வருடம் தாங்குவான் என்று டாக்டர் சொன்னவன் 15 வருடம் கழித்து எதிரில் நிற்கிறான். பார்த்ததும் அவன் கேட்டதில் முக்கியமானது, மறுபடி அமெரிக்காவுக்கு வர வழியுண்டா என்பதுதான். இந்தச் சந்திப்பை வைத்துப் பார்க்ஸ் 1978-ல் ஃபிளாவியோ பெயரிலேயே ஒரு புத்தகம் வெளியிட்டார். 1990-களின் கடைசியிலும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். படமெடுத்த ஆளை 38 வருடம் கழித்தும் போய்ப் பார்க்கிற புகைப்படக்காரர்கள் எத்தனை பேர்?

குன்றின் கதி என்ன ஆனது? பிரேசிலில் 1964-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ரியோவின் பணக்காரப் பகுதிகளில் இருந்த ஃபவேலாக்களை ஒவ்வொன்றாக அப்புறப்படுத்தினார்கள். 1970-ல் கட்டகும்பாவின் முறை. ஆயிரக்கணக்கான குடும்பங்களை ஏரிக்கரையிலிருந்து பெயர்த்து தூரத்துக் குடியிருப்புகளுக்கு ஏற்றிவிட்டார்கள். ஏரிக்கரை வீடுகளில் துணி துவைத்துப் பிழைத்த பெண்களுக்கு வேலையிடம் ஒரே நாளில் கைக்கெட்டாத தூரமானது. இன்று அந்தச் சரிவு ஒரு பூங்கா. வெளிப்புறச் சிற்பங்கள் வைத்திருக்கிறார்கள், நடைபாதை போட்டிருக்கிறார்கள். லைஃப் வாசகர் பணத்தில் மேம்பாட்டுக்கு ஒதுக்கிய பங்கு, மேம்படுத்தவேண்டிய இடமே இல்லாமல் போனபின் வெறும் கணக்கு வரி. ஒரு பிள்ளையின் முகத்துக்கு 30 ஆயிரம் டாலர் வந்தது. ஒரு குன்று முழுக்கக் காலிசெய்யப்பட்டபோது அந்த வாசகர்களில் ஒருவர் காதிலும் விழுந்திருக்காது.

பார்க்ஸின் பிற வேலைகளை இதற்குப் பக்கத்தில் வைத்தால் ஒரு தொடர்ச்சி தெரிகிறது. 1948 ஹார்லெமில் அவர் நூற்றுக்கணக்கான படங்கள் எடுத்தார். ரெட் ஜாக்சன் வீட்டில் இருப்பது, சாமான் கழுவுவது, அம்மாவோடு பேசுவது எல்லாம் அதில் உண்டு. இதழ் 21 படங்களைத்தான் போட்டது. அதில் சண்டையும் இருட்டும்தான் தூக்கல். தன்னைக் குற்றவாளியாகக் காட்டிவிட்டதாக ரெட் நொந்துகொண்டதைப் பார்க்ஸே எழுதியிருக்கிறார். 1956 அலபாமாவில் படத்தில் வந்த ஒரு பள்ளி ஆசிரியை, இனப் பிரிவினைக்கு எதிராகப் பேசியதற்காக வேலை இழந்தார். குடும்பமே ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. லைஃப் 25 ஆயிரம் டாலர் கொடுத்து வேறிடத்தில் குடியமர்த்தியது.

1967 கோடையில் நியூவார்க்கிலும் டெட்ராய்ட்டிலும் கலவரம் வெடித்தது. டெட்ராய்ட்டில் மட்டும் 43 பேர் செத்தார்கள். கறுப்பர்கள் ஏன் இப்படிக் கொதிக்கிறார்கள் என்று வெள்ளை அமெரிக்கா கேட்டது. பார்க்ஸ் எரியும் தெருக்களைக் காட்டிப் பதில் சொல்லவில்லை. ஹார்லெமில் ஃபோன்டனெல் என்ற ஒரே குடும்பத்தோடு வாரக்கணக்கில் கூட இருந்தார். குளிர் அறை, வேலை போன அப்பா, பசிக்குச் சுவர்க் காரையைப் பெயர்த்துத் தின்னும் சின்னப் பையன். 1968 மார்ச் 8 இதழில் வந்தது. கலவரத்தின் காரணத்தை ஒரு கல்லெறிகூட இல்லாமல் சொன்ன படங்கள் அவை. அவருடைய ஆகச் சிறந்த வேலை இதுதான் என்பேன், ஃபிளாவியோவையும் சேர்த்துச் சொல்கிறேன். அங்கே அம்மா, அப்பா, வாடகை, வேலை, நிவாரண அலுவலக வரிசை எல்லாம் சட்டத்துக்குள் இருக்கின்றன. ரியோவில் விட்டுப்போனதை ஏழு வருடம் கழித்து ஹார்லெமில் சேர்த்துக்கொண்டார்.

ஆனால் பின்கதை இன்னும் கொடூரம். இதழ் அந்தக் குடும்பத்துக்கு நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் ஒரு வீடு வாங்கிக் கொடுத்தது. அடுத்த ஆண்டே அந்த வீடு தீப்பிடித்து அப்பாவும் ஒரு பிள்ளையும் இறந்தார்கள்.

வயதான காலத்தில் பார்க்ஸ், தன் படங்கள் சில பேருடைய வாழ்க்கையைத் தலைகீழாக மாற்றியதைப் பற்றி எழுதும்போது, அவர்களைத் தொடாமலேயே விட்டிருந்தால் நல்லதாகியிருக்குமோ என்று சில நேரம் நினைப்பதாகச் சொல்கிறார். அவரை மதித்தே இதில் நான் மாறுபடுகிறேன். தொடாமல் விட்டால் ஃபிளாவியோவுக்கு டாக்டர் வைத்த கெடு இரண்டு வருடம். அவன் பிழைத்து, தன் பிள்ளைகளைப் பெற்று, 2006-ல் பார்க்ஸ் 93 வயதில் இறந்த பிறகும் இருந்தான். படமெடுத்ததில் தப்பு இல்லை. டென்வர் ஏற்பாட்டில் ‘குணமானபின் என்ன’ என்ற கேள்விக்கு ஒருவரும் உட்கார்ந்து பதில் எழுதவில்லை. அந்த வேலை புகைப்படக்காரருடையது மட்டும் அல்ல. மருத்துவமனைக்கு ஒரு நோயாளி, இதழுக்கு ஒரு அட்டைப்படம், நன்கொடையாளருக்கு ஒரு நிம்மதி. மூன்றும் 1963-ல் முடிந்துவிட்டன, பையனுக்கோ அப்போது 14 வயதுதான்.

2018-19-ல் டொராண்டோவிலும் லாஸ் ஏஞ்சலிஸின் கெட்டி அருங்காட்சியகத்திலும் இந்தச் சம்பவத்தைப் பற்றி மட்டுமே ஒரு கண்காட்சி வைத்தார்கள். பார்க்ஸ் எடுத்தவற்றோடு லைஃபின் அச்சுப் பக்கங்களும், பல்லோவின் நியூயார்க் படங்களும், ஓ குருசேரோ இதழும் அதில் சேர்ந்திருந்தன. 1961-ல் ஒருவரையொருவர் பொய்யர் என்ற இரண்டு இதழ்களும் அருகருகே இருந்து, இரண்டையும் ஒரே வாசகர் படிக்க வாய்ப்புக் கிடைத்தது. ஃபிளாவியோவுக்கு அப்போது 70 வயது ஆகிக்கொண்டிருந்தது.